ஒன்பது கேள்விக்குறி

கரடியனாறு. எழுதிப் பாருங்க, ஆறு எழுத்து. இந்தப் பெயரை ஒரு வேர்ட் கோப்புக்கு வைத்து, கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தக் கணினியில இப்ப என்னென்ன யன்னல் திறந்து கிடக்கு?" என்று கேட்கிற சின்னப் புரோகிராம் ஒன்றை சீ ஷார்ப்பில் எழுதினால், புதிதாக எழுதுகிற ஒருவருக்கு அநேகமாகக் கிடைக்கப் போவது ஒன்பது கேள்விக்குறி. டி, னா, று மூன்றையும் கணினி மெய்யும் குறியுமாக இரண்டிரண்டாக எண்ணும். அதனால்தான் ஆறு ஒன்பதானது.

நான் கலைப்பீடத்துப் பிள்ளை. எனக்கு இது தெரிய வந்தது என் சித்தியின் மகனால். கரடியனாற்றில் ஒரு கொமினிக்கேஷனில் பின்னேரங்களில் வேலை செய்கிறான். அங்க நாலு கணினி. கடிதம் அடிக்க வருகிற ஆட்கள், விண்ணப்பம் நிரப்ப வருகிற ஆட்கள் என்று எப்போதும் கூட்டம். கடை பூட்டும் நேரம் எந்தக் கணினியில் என்ன திறந்து கிடக்கு என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கத் தேவையில்லாமல், முன் மேசையிலேயே பட்டியல் வருகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினான். நல்லாத்தான் வேலை செய்தது. ஒரு நாள் இரண்டு கணினியில் இரண்டு கடிதம் திறந்திருந்தது. ஒன்றின் பெயர் "காணி உறுதி". மற்றது "யானை சேதம்". முதலாவது அச்செடுத்துக் கொடுத்து முடிந்தது. இரண்டாவது, யானை உடைத்த வீட்டுக்கு நட்டஈடு கேட்டு ஒரு ஐயா எழுதுவித்தது. கடைசி இரண்டு பந்தி இன்னும் சேமிக்கவில்லை.

பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி வந்தன. நாலு கேள்விக்குறி, ஒரு இடைவெளி, ஐந்து கேள்விக்குறி. எண்ணிப் பாருங்க, சரியாக இருக்கும். கடையில் இருந்த அக்கா முடிந்த கடிதம் இதுதான் என்று நினைத்து, மேசையில் இருந்தபடியே மற்றக் கணினியை நிறுத்திவிட்டார். அடுத்த நாள் காலையில் அந்த ஐயா திரும்பவும் பஸ் ஏறி வந்து, தன் வீடு எப்படி இடிந்தது என்று மறுகாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாய்ப் போயிற்று.

"ஒரு வரிப் பிழைதான் அக்கா, திருத்திட்டன்" என்றான் தம்பி. உண்மைதான், ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரி யாருடைய பிழை என்று எனக்கு விளங்க வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டதை எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன்.

சீ ஷார்ப்பில் எழுதுவது டொட் நெட் என்ற வளவுக்குள் ஓடும். நினைவகத்தை ஒதுக்குவது, துப்புரவாக்குவது எல்லாவற்றையும் வளவே பார்த்துக்கொள்ளும். ஆனால் எந்த யன்னல் திறந்திருக்கிறது என்ற கணக்கு வளவுக்கு வெளியே, வின்டோஸிடம் இருக்கிறது. யூசர்32 என்ற கோவைக்குள் இருக்கும் எனும்வின்டோஸ் என்ற செயற்கூற்றிடம் போய்க் கேட்க வேண்டும். அது பட்டியலைக் கையில் தராது. நாம் ஒரு ஆளை வாசலில் நிறுத்திவைக்க வேண்டும். அது ஒவ்வொரு யன்னலாகக் கொண்டுவந்து அந்த ஆளிடம் காட்டும். "ஓம், அடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை காட்டும். கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற யன்னல்களும் ஏராளம் வரும், அவற்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சியவற்றின் தலைப்பைக் கெட்வின்டோடெக்ஸ்ட் என்ற இன்னொன்றிடம் கேட்க வேண்டும்.

சிக்கல் இங்கதான். கெட்வின்டோடெக்ஸ்ட் என்று உண்மையில் ஒன்றில்லை. இரண்டு இருக்கின்றன. ஏ என்று முடிவது பழைய குறியீட்டு அட்டவணையில் தலைப்பைத் தரும். டபிள்யூ என்று முடிவது யுனிகோட்டில் தரும். எதை என்று நீங்கள் சொல்லாவிட்டால், டிஎல்எல்இம்போர்ட் என்ற சீ ஷார்ப் வாசல் உங்களை ஏயிடம் அனுப்பிவிடும். ஆங்கிலக் கணினியின் பழைய அட்டவணையில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. இடமில்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பும். பிழைச் செய்தி வராது. புரோகிராம் நிற்காது. ஒருமுறை கேள்விக்குறி ஆனது திரும்பத் தமிழாகவும் மாட்டாது.

வின்டோஸில் அமைப்பை மாற்றினால் சரிவராதா என்று கேட்டேன். தாய் மொழிக்கும் அரபுக்கும் வியட்நாம் மொழிக்கும் பழைய அட்டவணைகள் உண்டு, அந்த நாட்டுக் கணினிகளில் ஏ என்ற வழியும் ஓரளவு ஓடும். வின்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு அட்டவணை எப்போதும் இருந்ததில்லை. இந்திக்கும் இல்லை, சிங்களத்துக்கும் இல்லை. எங்களுக்கு யுனிகோட் மட்டும்தான்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. டொட் நெட் 2002இல் வந்தபோது வின்டோஸ் 98 இன்னும் பாவனையில் இருந்தது. அந்தப் பழைய வின்டோஸ்களில் டபிள்யூ வகைச் செயற்கூறுகள் பெரும்பாலும் உருப்படியாக வேலை செய்யவில்லை. ஆகவே ஏயைப் பொதுத் தெரிவாக வைத்தார்கள். ஆனால் வின்டோஸ் 98 போய் எவ்வளவு காலம்! டிஎல்எல்இம்போர்ட்டின் பொதுத் தெரிவு இன்னும் போகவில்லை. 2022இல் வந்த டொட் நெட் 7 லைப்ரரிஇம்போர்ட் என்று புதிய வாசல் ஒன்றைத் திறந்தது. அதில் எந்தக் குறியீடு என்று நீங்கள் எழுதாவிட்டால் புரோகிராம் உருவாகவே மாட்டாது. அதாவது, சொல்லாமல் விட்டால் ஆபத்து என்று செய்தவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"இதுக்குள்ளயும் அரசியலா?" என்று ஒரு நண்பி கேட்டாள். நான் ஓம் என்றுதான் சொல்வேன். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டத்தில் தமிழ் இருக்கிறது. ஆனால் தமிழ்ப் படிவம் தாங்க என்று கேட்க வேண்டியவர் யார் என்பதில்தான் எங்கட அம்மம்மாக்களின் வாழ்க்கை போயிருக்கிறது. கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் வேறு மொழியில் வரும். யூசர்32இலும் இதே கதைதான். தமிழ் தெரிந்த டபிள்யூ பக்கத்திலேயே நிற்கிறது. கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் அது பேசும். உரிமை இருப்பதும், கேளாமலே கிடைப்பதும் ஒன்றல்ல. இதை யாரோ எங்களை வெறுத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதியவரின் மேசையில் திறந்திருந்த யன்னல் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்திருக்கும். அவருக்குக் கேள்விக்குறி ஒருநாளும் தெரிந்திருக்காது. புறக்கணிப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, ஒருவரும் கோபப்படாமல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்களைப் பற்றியது. கடையில் இருக்கிற அக்கா அடித்த கோப்புகளில் இந்தப் பிரச்சினை வருவதே இல்லை. அவர் பாமினிக் காலத்து ஆள். பாமினியில் தமிழ் என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும், உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்து. கோப்புக்குப் பெயரும் ஆங்கில எழுத்தில் "கடிதம் 1", "கடிதம் 2" என்றுதான் வைப்பார். கணினிக்கு எங்கட எழுத்து ஒத்துவராது என்று ஒரு தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. யுனிகோட்டில் பிறந்து வளர்ந்த நாங்களோ போனில் நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறோம், ஒப்படையைச் சேமிக்கும்போது மட்டும் கை தானாக ஆங்கிலத்துக்குப் போகிறது. என் கணினியைத் திறந்து பார்த்தேன். தமிழில் எழுதிய ஒப்படைகள், ஒன்றுக்கும் தமிழ்ப் பெயர் இல்லை. நாங்கள் அப்படியே ஒதுங்கிப் போவதால் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் பிழை தெரிவதில்லை. தெரியாத பிழையை யார் திருத்துவது?

ஆகவே எனது கருத்து இரண்டு வரியில் முடியும். புரோகிராம் எழுதுகிற தம்பி, தங்கைமாரே, உங்கட புரோகிராமைச் சோதிக்கும்போது தமிழ்ப் பெயர் வைத்த ஒரு கோப்பையும் திறந்து வையுங்க. டிஎல்எல்இம்போர்ட் எழுதினால் சார்செட் யுனிகோட் என்று சேர்த்து எழுதுங்க. எழுதத் தெரியாத என்னைப் போன்ற ஆட்களே, கோப்புக்குத் தமிழில் பெயர் வையுங்க. உடைந்தால் உடையட்டும். உடைந்ததைக் கொண்டுபோய் எழுதியவரிடம் காட்டுங்க.

கடையில் இப்ப பட்டியல் சரியாக வருகிறது. அந்த ஐயாவின் கோப்பு "யானை சேதம்" என்றே இருக்கிறது. அடித்துக் கொடுத்தவர்கள் பெயரை ஆங்கிலத்தில் மாற்றிவிடலாமா என்று யோசித்தார்களாம். வேண்டாம் என்றது தம்பிதான்.