வீட்டில் உருவாகும் கேரவனுக்கும் ஒரு சட்டவழி வேண்டும்

தமிழில் 'கேரவன்' என்றதும் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியே. பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் தாமே பொருத்தி ஊர் ஊராகச் செல்பவரின் வண்டியை அச்சொல் இன்னும் முழுமையாகத் தழுவவில்லை. சொல்வழக்கில் காணும் இச்சாய்வு சட்டத்திலும் உள்ளது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை வகுத்துள்ளது. கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 என்னும் தரநிலை இருக்கிறது. ஆனால் அது வகை ஒப்புதலுக்கான நடைமுறை. மாதிரி வண்டி ஒன்றைச் சோதனைக்கு அளித்து, அதே போல் பல வண்டிகளைச் செய்யும் நிறுவனத்துக்கே அது பொருந்தும்; தமக்கென ஒரே ஒரு வண்டி செய்பவருக்கு எட்டாது.

இத்தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். சன்னல் திறந்திருந்தால் மட்டும் போதாது, தரையிலும் வெளியேறும் துளை வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ எடை. அதைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்தால் முன்சக்கரங்களின் பிடி தளரும். 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டு 2,000 வாட் மின்னடுப்பை இயக்கினால் 160 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் பாயும். மெல்லிய கம்பியும் பியூஸ் இல்லாத இணைப்பும் தீவிபத்துக்கு அழைப்பு.

எனினும் தடை விதித்ததால் இவ்வேலை நின்றுவிடவில்லை, மறைவாக நடக்கிறது. மறைவாக நடப்பதை எவரும் சோதிப்பதில்லை. விபத்து நேர்ந்தால், பதிவில் இல்லாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. ஆக, பாதுகாப்புக்காக எழுந்த விதியே பாதுகாப்பின்மையை வளர்க்கிறது.

பிரிட்டனில், தாம் மாற்றியமைத்த வேனை 'மோட்டார் கேரவன்' எனப் பதிவுசெய்ய உரிமையாளரே படங்களுடன் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கும் ஒரு குறை: உள்ளே படுக்கை இருந்தால் போதாது, வெளித்தோற்றமும் கேரவனாகத் தெரிய வேண்டும். நாம் சோதிக்க வேண்டியது தோற்றத்தை அன்று. எரிவாயு, மின்னிணைப்பு, மொத்த எடை, இருக்கைப் பிணைப்பு ஆகிய நான்கையே.

இதற்கான முன்மாதிரி நம் சட்டத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு ஏற்றவாறு வாகனத்தை மாற்றிவிட்டுப் பின்னர் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெற அதே 52ஆம் பிரிவு வழி தருகிறது. அவ்வழியைச் சோதனைக் கட்டணத்துடன் வீட்டுக் கேரவன்களுக்கும் விரிப்பது பெருஞ்செயல் அன்று. தங்கும் விடுதி இல்லாத சிற்றூர்களில் வாரக்கணக்கில் களப்பணி செய்யும் ஆய்வு மாணவர்களுக்கு இத்தகைய வண்டி ஆடம்பரம் ஆகாது, பணிக்கருவியே ஆகும். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக்கொள்கை அறிவித்தது. முதலீட்டாளருக்குக் கொள்கை வகுக்க முடிந்த நாட்டில், தம் கையால் வண்டியை ஆக்கிக்கொள்பவருக்கு ஒரு விண்ணப்பப் படிவமேனும் இருத்தல் வேண்டும்.