மத்தியதரம் என்கிற மறைப்பு

தமிழில் விமர்சனம் எழுதுகிறவர்கள் கூச்சமில்லாமல் கையாளுகிற சொற்களில் 'மத்தியதர வர்க்கம்' ஒன்று. ஒரு கதாசிரியரைப் பாராட்டவேண்டுமானால் மத்தியதர வாழ்வின் நுட்பங்களைப் பிடித்துவிட்டார் என்கிறோம். மட்டம் தட்டவேண்டுமானால் மத்தியதர மனோபாவத்தைத் தாண்டவில்லை என்கிறோம். முற்போக்குக்காரர்களுக்கு இது வசவு. அழகியல்காரர்களுக்கோ பரிவுக்குரிய பிரதேசம். இரு தரப்பாரும் சண்டை போடுகிறார்கள், ஆனால் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். இந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

நான் கேட்க விரும்புகிறேன். ஒரு வீட்டுக்கு மாதம் எத்தனை ரூபாய் வருகிறது, அதில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எந்தத் தேதியில் வருகிறது, வராமல் போனால் எத்தனை நாள் தாங்கும்? இவற்றைச் சொல்லாமல் ஒரு குடும்பத்தை மத்தியதரம் என்பது, ஜுரம் எவ்வளவு என்று பாராமல் நோயாளியின் முகவாட்டத்தை மட்டும் வர்ணிக்கிற காரியம். இதெல்லாம் பொருளாதாரக்காரர்களின் வேலை, இலக்கியத்துக்கு இதில் என்ன என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இலக்கியத்துக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி.

1

முதலில் இந்த 'நடு' எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அரசாங்கத்தின் பெரிய கணக்கெடுப்புகள் குடும்பங்களைக் கேட்டுவந்தது செலவைப் பற்றித்தான். வருமானத்தைக் கேட்டால் உள்ளவன் மறைப்பான், இல்லாதவனுக்கோ மாதக் கணக்கே கிடையாது. 2022-23-ம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒருவருக்கு ஆகும் மாதச் செலவின் சராசரி கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். நான்கு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொண்டால் கிராமத்தில் 15,092, நகரத்தில் 25,836. இதுவும் மேலே இருப்பவர்கள் இழுத்து உயர்த்திய சராசரி. ஜனங்களைச் சரிபாதியாகப் பிரிக்கிற கோடு இதற்கும் கீழேதான் ஓடும்.

அதே கணக்கெடுப்பில், நகரத்து ஜனங்களில் உச்சியில் இருக்கும் ஐந்து சதவீதத்தினர் தலைக்குச் செலவிடுவது சராசரியாக 20,824 ரூபாய். நான்கு பேர் வீட்டுக்கு 83,000 சொச்சம். பணக்காரர்கள் கணக்கெடுக்க வருபவருக்குக் கதவைத் திறப்பதில்லை, திறந்தாலும் குறைத்தே சொல்வார்கள் என்பது தெரிந்த சங்கதி. ஆகவே உச்சி இதைவிட உயரமாகவே இருக்கும். உச்சி உயர்ந்தால் நடுவும் கூடவே உயர்ந்துவிடாது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காகத் தயாரிக்கப்பட்டு 2022-ல் வெளிவந்த அறிக்கை இன்னொன்று சொன்னது: மாதம் 25,000 ரூபாய் சம்பாதிப்பவர் இந்த நாட்டில் கூலியும் சம்பளமும் பெறுகிறவர்களில் மேல் பத்து சதவீதத்தில் இருக்கிறார்.

இப்போது நம் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் வேலை பார்க்கும் வீடு, மாதம் ஒன்றேகால் லட்சம், கடனில் வாங்கிய அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒரு கார். கேட்டால் 'நாங்க மிடில் கிளாஸ்' என்பார்கள். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். அவர்கள் கழுத்து மேல்நோக்கி மட்டுமே திரும்பும். மேலே அம்பானி தெரிகிறார், கீழே தரை தெரிவதில்லை. தனக்கு மேல் ஒருவன் இருக்கிறவரை தான் நடுவில்தான் இருப்பதாக எவனும் சொல்லிக்கொள்ளலாம். அளவே இல்லாத அளவுகோல் இது.

2

அரசாங்கத்துக்கும் இந்தக் குழப்பம் சௌகரியமாகவே இருக்கிறது.

2019-ல் 103-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் பொருளாதாரத்தில் நலிந்தோர் என்று ஒரு பிரிவு உண்டாயிற்று. வேறெந்த இடஒதுக்கீட்டிலும் வராத சாதியாருக்கு மட்டுமே உரிய பிரிவு. ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குக் கீழே குடும்ப வருமானம் இருந்தால் அவர் நலிந்தவர். மாதம் அறுபத்தாறாயிரத்துச் சொச்சம் வரை வரலாம். ஐந்து ஏக்கர் விவசாய நிலமோ ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டோ மட்டும் இருக்கக்கூடாது. மேலே சொன்ன கணக்கெடுப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-ல் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருத்தத்தைச் சரி என்றது.

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பித்தபோது கோடு வேறிடத்தில் விழுந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம், கார் கூடாது. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கு இத்தனை கண்டிப்பு. எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. குறைந்தபட்சம் இது வீட்டுக்குள் வந்து மீட்டரைப் பார்க்கிறது.

2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தது, மத்தியதர வர்க்கத்தின் பெயரைச் சொல்லி. இங்கே கோடு தனிமனிதனுக்கு. கணவனுக்குப் பன்னிரண்டு, மனைவிக்குப் பன்னிரண்டு என்று சம்பளம் வந்தால் இருபத்துநான்கு லட்சம் வரும் வீடு வரி கட்டவேண்டாம். ஒருவர் மட்டும் பதினெட்டு லட்சம் கொண்டுவரும் வீடு கட்டவேண்டும். வரிச் சட்டத்தின் கண்ணுக்குக் குடும்பம் என்று ஒன்று தெரியாது, இந்துக் கூட்டுக் குடும்பம் என்கிற விசித்திரப் பிராணி ஒன்றைத் தவிர. சலுகை கொடுக்கும்போது குடும்பத்தைக் கூட்டுகிறார்கள், வரி வாங்கும்போது பிரிக்கிறார்கள். எட்டு லட்சத்தில் ஏழை, பன்னிரண்டு லட்சத்தில் மத்தியதரம். இடையில் இருக்கும் நான்கு லட்சத்தில்தான் ஒருவன் ஏழ்மையிலிருந்து நடுவுக்கு ஏறவேண்டும் போலிருக்கிறது.

3

குடும்ப வருமானம் என்பதே பூடகமான ஒரு சொல். யாருடைய வருமானம், யாருடைய குடும்பம்?

1957-ல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு கணக்குப் போட்டது. ஒரு சம்பாத்தியக்காரனுக்கு மூன்று நுகர்வு அலகுகள். தலைக்கு 2,700 கலோரி. ஆளுக்குப் பதினெட்டு கஜம் என்று நான்கு பேருக்கு வருஷத்தில் 72 கஜம் துணி. அரசாங்கத் தொழிலாளர் குடியிருப்பின் அளவுக்கு வாடகை. எரிபொருளுக்கும் விளக்குக்கும் சில்லறைக்குமாக இருபது சதவீதம். பெண்களும் பிள்ளைகளும் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் இவற்றுக்காக இன்னொரு இருபத்தைந்து சதவீதத்தை உச்ச நீதிமன்றம் சேர்த்தது 1991-ல். முப்பத்துநாலு வருஷம் இந்த நாட்டுத் தொழிலாளி காகிதத்தில் தின்றான், உடுத்தினான், குடியிருந்தான். தீபாவளி கொண்டாடவில்லை, நோயில் படுக்கவில்லை, மகளைக் கட்டிக்கொடுக்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பட்டியல் நவீன இந்தியாவின் முக்கியமான உரைநடைகளில் ஒன்று. மனிதன் என்றால் என்ன என்று அது திட்டமாகச் சொல்ல முயல்கிறது, தவறவும் செய்கிறது. நம் நாவல்கள் பல அந்த முயற்சியைக்கூடச் செய்வதில்லை.

பட்டியலில் இல்லாதவளும் இருக்கிறாள். 2019-ம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிஷம். செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேர உழைப்பு எந்த வருமானக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அந்த வீட்டின் மத்தியதரம் ஒரு வாரத்தில் கலைந்துபோகும்.

அப்படிக் கலைந்துபோகாமல் இருக்கத்தான் இன்னொருத்தி வருகிறாள். தமிழ்நாட்டில் வீட்டு வேலை செய்வோருக்கு 2018-ல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. மத்தியதரம் என்பது இரண்டு வீட்டுக் கணக்குகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது. ஒரு வீடு தன் நேரத்தை மணிக்கு ஐந்நூறுக்கு விற்று இன்னொரு வீட்டின் நேரத்தை ஐம்பதுக்கு வாங்குகிறது. மிச்சத்துக்குப் பெயர் சிக்கனம். ரேஷன் கடையில் சலுகைப் பொருளை வாங்கி வேலைக்காரம்மாவிடம் கொடுப்பதற்குப் பெயர் தர்மம்.

நம் சிறுகதைகளில் அவள் எப்படி வருகிறாள்? பின்கட்டு வழியாக வருகிறாள். ஒரு வாக்கியம் பேசுகிறாள், அதுவும் கொச்சையில். கதாநாயகியின் மனச் சலனத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடியாக நின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் போய்விடுகிறாள். அவள் வீட்டில் எத்தனை பேர் என்று கதைக்குத் தெரியாது.

4

நம் உரைநடையில் ஒரு சோகம் இருக்கிறது, இருபத்தைந்தாம் தேதிச் சோகம். பர்ஸில் ஏழு ரூபாய், குழந்தைக்குப் பால்மாவு, பக்கத்து வீட்டில் கைமாற்று, மனைவியின் மௌனம். இதை எழுதி எழுதி நாம் கைதேர்ந்துவிட்டோம். அந்தச் சோகம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த வீட்டில்தான் இருபத்தைந்தாம் தேதிக்கு ஒரு தனிக் குணம் உண்டு என்கிறேன். 2023-24-ம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலை செய்வோரில் மாதச் சம்பளமோ நிரந்தரக் கூலியோ பெறுகிறவர்கள் 21.7 சதவீதம். மற்றவர்களுக்கு மாதம் என்பது காலண்டரில் மட்டும் இருக்கிறது. ஐந்தில் ஒருவனின் கவலையை மனித நிலைமையின் கவலை என்று எழுதிப் பழகிவிட்டோம்.

அந்த ஐந்தில் ஒருவனும் நம் பக்கங்களில் யாராக இருந்தான்? பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சாதிக்காரன், ஒரு குறிப்பிட்ட அலுவலகம், நகரத்தின் இரண்டு மூன்று பேட்டைகள். ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு நூல் தமிழ்ப் பிராமணர்களை மத்தியதர சாதி என்றே தலைப்பில் குறித்தது. சாதியை வேறு பெயர்களில் பேசுகிற வசதி யாருக்கு வாய்க்கிறது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் கேட்டிருக்கிறார். மத்தியதரம் அப்படியொரு பெயர். பிறரைப் பற்றி எழுதினால் அது சாதிக் கதை, வட்டார வழக்கு. நம்மைப் பற்றி எழுதினால் மத்தியதரக் கதை, மனிதக் கதை.

எண்ணத் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஒரு தெருவே குடத்தால் அளக்கப்படுகிறது. அங்கே மத்தியதரம் என்கிற அரூபத்துக்கு இடமில்லை, பம்பில் தண்ணீர் வந்ததா என்பதே கேள்வி. 1994-ல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இன்னும் ஸ்தூலமானது. ஆரோக்கியத்தின் குடும்ப வருமானம் வீடுவீடாக வாங்கும் சோறும் களத்தில் அள்ளிப்போடும் தானியமும்தான். அந்த அளவு குறைவதைச் சொல்லியே ஒரு காலம் உடைவதை அந்த நாவல் காட்டிவிடுகிறது. இருவரையும் வெவ்வேறு முகாம்களில் நிறுத்தி வைத்திருக்கிறோம். என் பார்வையில் இருவரும் ஒரே வேலையைச் செய்தவர்கள். அளவை மறைக்காதவர்கள்.

5

என் எண்ணைச் சொல்லாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. எனக்கு வங்கி ஓய்வூதியம் 41,000. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் மனைவிக்கு 34,000. மாடிப் போர்ஷன் வாடகை 11,000. ஆக 86,000. சாப்பிடுகிறவர்கள் நாங்கள் இருவரும் என் தாயாரும். தலைக்கு 28,666. வீடு சொந்தம். மூன்றுமே ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். வாசற்படிக்குக் கிரானைட் போடவில்லை, கார் இல்லை, காய்கறிக்குப் பேரம் பேசுகிறேன். இதெல்லாம் என் பழக்கங்கள், என் வர்க்கம் வேறு. என் வர்க்கம் இந்த நாட்டின் உச்சிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் கிடைத்த நான்கு பகல்களும் அந்த 86,000-த்துக்குள் அடக்கம். இந்தப் பத்திரிகையின் சந்தாவும், அநேகமாக உங்களுடையதும், அப்படி ஒரு மிச்சத்திலிருந்து வருகிறது. சிறுபத்திரிகை ஏழையாக இருக்கலாம். நடத்துகிறவர்களும் படிக்கிறவர்களும் ஏழைகள் என்று அதற்கு அர்த்தமில்லை.

யாரும் குற்றவுணர்வு கொள்ளவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. குற்றவுணர்வு இன்னொரு மத்தியதர ஆடம்பரம். ஒரு கவிதை இரண்டாகும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது எண். கதை எழுதுகிறவர், தன் பாத்திரத்தின் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது, எங்கிருந்து, எந்தத் தேதியில், யார் கையில் என்பதைப் பக்கத்தில் எழுதாவிட்டாலும் மனசில் ரூபாயாக வைத்திருக்கவேண்டும். விமர்சகர், மத்தியதரம் என்று எழுதப் பேனாவைத் திறக்கும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டு இந்த நான்கையும் எழுதிப் பார்க்கட்டும். பல கட்டுரைகள் பாதியில் நின்றுபோகும். நிற்கட்டும். எண்ணைச் சொன்ன பிறகும் ஒரு துக்கம் மிச்சமிருந்தால் அதைப் பற்றி நாம் பேசலாம்.