செவியே சான்று

எண்களாய்ப் பதிந்துள்ள இசையை மின்னலையாக்குவது டி.ஏ.சி. என்னும் கருவி, அவ்வலைக்கு ஹெட்போனை இயக்கும் வலியூட்டுவது ஆம்பிளிபயர். இவ்விரண்டினுள் பெரும்பொருள் ஈதற்குரியது எது? பழுதற்ற எளிய டி.ஏ.சி.யே போதும் என்பது எம் கருத்து. மேயர், மோரன் என்போர் 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவின் இசையையும், அதனையே 16 பிட் எண்ணாக்கி மீண்டும் அலையாக்கிய இசையையும் கேட்டோர் 554 முறையுள் 276 முறையே சரியாகப் பிரித்துணர்ந்தனர். நாணயம் சுண்டினும் அத்துணை கிட்டுமன்றோ? ஆயின், 300 ஓம் தடையுள்ள ஹெட்போனுக்குக் கைப்பேசியின் மின்னழுத்தம் பெரும்பாலும் போதாது. ஆங்கு ஆம்பிளிபயர் வேண்டற்பாலதே. கருவிகளை ஒப்பிடுங்கால் ஒலியளவைச் சமமாக்குமின். சற்றே உரத்தது இனிதெனத் தோன்றி மயக்கும். விலைச்சீட்டை மறைத்துச் செவியை வினவுமின்; மாணவர் கைப்பொருள் வீணாகாது.