தீர்மானப் புத்தகமும் குளத்துத் தண்ணீரும்

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் கூடுகிறது. மாலை, சால்வை, சரவெடி, பிரியாணி எல்லாம் ஓய்ந்தபின் நடக்கிற முதல் கூட்டம். ஐந்தாண்டு இலக்குகள் வாசிக்கப்படுகின்றன. குப்பையில்லா நகரம், பசுமை நகரம், எழில்மிகு பேருந்து நிலையம், நடைபாதையோடு பூங்கா. மேசையைத் தட்டுகிறார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று புத்தகத்தில் எழுதப்படுகிறது.

இந்த 'ஒருமனதாக' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாருடைய மனது அது? குப்பையில்லா நகரம் என்றால் குப்பை எங்கே போகும்? யார் தலையில் போகும்? யார் வீட்டு வாசலில் கொட்டப்படும்? வடசென்னையில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற சனங்களைக் கேட்டால் சொல்வார்கள், நகரத்தின் சுத்தம் என்பது எங்கே வந்து நாறுகிறது என்று. ஊருக்கு இலக்கு, சேரிக்கு இலக்கு என்று இரண்டு இருக்கும்போது ஒருமனது எங்கிருந்து வரும்? வந்தால் ஒன்று நம்மாள் அங்கே இல்லை, அல்லது இருந்தும் பேசவில்லை, அல்லது பேசியும் எழுதவில்லை.

தீர்மானப் புத்தகத்தை நம்பாதே என்று சொல்ல வரவில்லை. அதை எப்படிப் படிப்பது, எப்படி எழுத வைப்பது, எழுதியதை எப்படி நடக்க வைப்பது என்பதுதான் பேச்சு. இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தின் பெயர் மகத்.

மகத் என்றதும் அண்ணல் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிய காட்சிதான் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அந்தக் குளத்துக்குப் பின்னால் ஒரு நகராட்சி இருந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1923 ஆகஸ்டில் பம்பாய்ச் சட்டசபையில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் கட்டப்பட்ட, பராமரிக்கப்படுகிற குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்பது தீர்மானம். அது நிறைவேறியது. மகத் நகராட்சியும் அதை ஏற்றுச் சவுதார் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று தன் பங்குக்கு ஒரு தீர்மானம் போட்டது. நகராட்சித் தலைவர் சுரேந்திரநாத் திப்னிஸ் சாதி இந்துவாக இருந்தும் நம் பக்கம் நின்றவர். சட்டசபை நம் பக்கம், நகராட்சி நம் பக்கம், தலைவரும் நம் பக்கம். ஆனால் ஒரு மகார் அந்தக் குளத்தில் ஒரு கை தண்ணீர் குடிக்க முடியவில்லை. காகிதத்தில் குளம் திறந்திருந்தது. கரையில் சாதி உட்கார்ந்திருந்தது.

1927 மார்ச் 20ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் அண்ணலோடு ஊர்வலமாகப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. உடனே அடி விழுந்தது. கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று வதந்தியைக் கிளப்பிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த சனங்களைத் தடியால் அடித்தார்கள். பிறகு சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 பானை ஊற்றிக் குளத்தைத் 'தீட்டுக் கழித்தார்கள்'. அந்த ஆகஸ்டிலேயே நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்துவிட்டது. கையெழுத்துப் போட்ட அதே கைதான் அடித்தும் எழுதியது. டிசம்பரில் மறுபடி போனபோது, குளம் தனியார் சொத்து என்று சொல்லி நீதிமன்றத்தில் தடை வாங்கி வைத்திருந்தார்கள். டிசம்பர் 25ஆம் தேதி மனுநூல் எரிந்தது. வழக்கு பத்து வருசம் ஓடி, 1937 மார்ச் 17ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குளம் நகராட்சியுடையது, அதிலிருந்து தீண்டப்படாதோரை விலக்கும் தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதில் மூன்று விசயம் இருக்கிறது தோழர்களே. தெருவில் ஆள் நடக்காத தீர்மானம் வெறும் மை. அடுத்தது, ஆள் நடந்துவிட்டால் போட்டவனே தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வான், அதற்கு நாம் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவது, குளம் நகராட்சியுடையது என்று பதிவு இருந்ததால்தான் கடைசியில் ஜெயித்தோம். போராட்டம், பேரேடு இரண்டில் ஒன்றை விட்டாலும் நடக்காது.

தமிழ்நாட்டிலும் கதை வேறில்லை. 1924இல் சென்னைச் சட்டசபையில் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாம் ஆதிதிராவிடர்களுக்கும் உரியவை என்று தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. நூறு வருசம் கழிந்துவிட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் சனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அரசாணைக்கு வயது கூடியது, குடிதண்ணீருக்குக் காவல் கூடவில்லை.

நாற்காலி விசயத்துக்கு வருவோம். சென்னை மாநகராட்சியில் 1937இலேயே ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயராக இருந்தார். 1945இல் என். சிவராஜ் இருந்தார். ஒரு தலித் பெண் அந்த நாற்காலியில் உட்கார 2022 வரை ஆனது. அந்த வருசம் 21 மாநகராட்சிகளில் சென்னை, தாம்பரம் இரண்டும் தலித் பெண்களுக்கும் ஆவடி தலித் பொதுவுக்கும் ஒதுக்கப்பட்டன. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இல்லாவிட்டால் இதுவும் வந்திருக்காது. யாரும் மனமுவந்து கொடுத்ததில்லை.

ஆனால் நாற்காலி வேறு, சாவி வேறு. நகராட்சியில் நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில். பேரூராட்சியில் செயல் அலுவலர் கையில். அவர்களை இடம் மாற்றுகிற அதிகாரம் கோட்டையில். மன்றம் பேசும், தீர்மானிக்கும். கையெழுத்து வேறு இடத்தில் இருக்கும். 2022 மார்ச் 2ஆம் தேதி உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் தொடக்கத்திலேயே சொத்துவரி 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை உயரும் என்று மாநில அரசு அறிவித்துவிட்டது. இலக்கு நிர்ணயிக்க வந்தவர்களுக்கு, அடுத்தவர் நிர்ணயித்த இலக்குக்குக் கைதூக்குவதே முதல் வேலையாகிப் போனது. அதற்கும் முன்னால் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் மன்றமே கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். ஐந்து வருசத்துக்கும் மேல் தேர்தல் நடத்தாமல் ஒரு சட்டமன்றத்தை வைத்திருக்க முடியுமா? நகர்மன்றம் என்றால் முடிகிறது.

சாவி இல்லாத நாற்காலியில் நம்மாளை உட்காரவைத்துவிட்டு, பாரு உன் ஆள்தானே தலைவர், இன்னும் என்ன வேணும் உனக்கு என்று கேட்கிற தந்திரத்தையும் பார்த்துவிட்டோம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அப்போது உள்ளே மேயர் நாற்காலியில் இருந்தவரும் தலித் பெண்தான். இதைச் சொல்லி அந்த ஒருவரைக் கூண்டில் நிறுத்திக் கைகழுவிக்கொள்வது சுலபம். ஒரு பெண்ணை நாற்காலியிலும் நூறு பெண்களைப் படிக்கட்டிலும் வைத்துவிட்டு, ஒப்பந்தப் பத்திரத்தை மட்டும் வேறொரு மேசையில் வைத்திருக்கிற அமைப்பைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

நாற்காலியையும் சும்மா விடுவதில்லை என்பது தனிக்கதை. 1997 ஜூன் 30ஆம் தேதி மேலவளவு முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிச் சாய்த்தது எதற்காக? தனி ஊராட்சியில் தேர்தலில் நின்று ஜெயித்ததற்காக. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996லிருந்து 2006 வரை தலைவரை வரவே விடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினார்கள். அதெல்லாம் கிராமம், நகரத்தில் அப்படி இல்லை என்பார்கள். நகரத்தில் தரையில் உட்காரச் சொல்வதில்லை, வாஸ்தவம்தான். நாற்காலி கொடுத்து, மைக் கொடுத்து, அஜெண்டாவை மட்டும் கொடுக்க மாட்டான்.

அப்படியானால் ஒரு புதிய நகர்மன்றத்தின் இலக்கு என்னவாக இருக்க வேண்டும்? நம் தரப்பிலிருந்து சொல்கிறோம்.

தண்ணீர் முதலில். எந்த வார்டில் எத்தனை தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று வார்டுவாரியாக எழுதி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். அந்த ஒரு தாளே போதும், நகரத்தின் சாதி வரைபடம் வெளியே வந்துவிடும். மெயின் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது என்று பாருங்கள். அங்கேதான் ஊர் முடிகிறது.

அடுத்து மலக்குழி. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் மனிதனைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். சுகாதாரமற்ற கழிப்பிடங்களைக் கணக்கெடுப்பதும், சாக்கடை சுத்தம் செய்ய நவீன இயந்திரத்தைப் பயன்படுத்துவதும் உள்ளாட்சி அமைப்பின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. குழிக்குள் சாகிறவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு ஏறுகிறது, நல்லதுதான். சாவை நிறுத்துவது யார் இலக்கு? 'இந்த ஐந்தாண்டில் எங்கள் நகரத்தில் ஒரு மனிதனும் குழிக்குள் இறங்க மாட்டான்' என்று ஒரு மன்றம் தீர்மானம் போடட்டும், அதற்கு இயந்திரம் வாங்கப் பணமும் ஒதுக்கட்டும். அதற்கப்புறம் பூங்காவைப் பற்றிப் பேசுவோம்.

மூன்றாவது, துப்புரவுத் தொழிலாளியின் சம்பளம். நிரந்தரப் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை பேர், ஒப்பந்தக்காரருக்கு நகராட்சி ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறது, தொழிலாளி கையில் எவ்வளவு வருகிறது, வருங்கால வைப்புநிதி கட்டப்பட்டிருக்கிறதா? இந்த ஆறு கேள்விக்கு மன்றத்தில் பதில் வைக்க வேண்டும். நடுவில் காணாமல் போகிற தொகைக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை மன்றக் குறிப்பில் ஏற்ற வேண்டும்.

நான்காவது, சுடுகாடும் அதற்குப் போகிற பாதையும். எரிமேடைக்கு டைல்ஸ் போட்டுப் படம் பிடிப்பதோடு முடிகிற காரியம் இல்லை இது. ஒரே நகராட்சிக்குள் சாதிக்கொரு மயானம் எதற்கு என்று கேட்பதற்கு ஒரு உறுப்பினராவது எழுந்திருக்க வேண்டும்.

வங்கியில் உட்கார்ந்து பேரேடு பார்த்துப் பிழைக்கிறவனுக்கு ஒன்று தெரியும். வவுச்சர் இல்லாத பதிவு, பதிவே இல்லை. எந்த இலக்குக்குக் கீழேயும் மூன்று வரி இருக்க வேண்டும்: எவ்வளவு பணம், எந்த நிதியிலிருந்து, எந்தத் தேதிக்குள் யார் பொறுப்பு. நகராட்சிகளில் வருவாய் நிதி தனி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி தனி. ஒன்றில் வந்ததை இன்னொன்றில் எடுத்துச் செலவழித்தால் அது எங்கேயாவது ஒரு வரியில் தெரியத்தான் செய்யும். கவிதைக்கு வரிகளுக்கு நடுவே படிக்கிற நாம், பட்ஜெட்டை வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கணக்கெல்லாம் நமக்கெதுக்கு என்று விட்டுவிட்டால், கணக்குத் தெரிந்தவன் நம் பங்கையும் சேர்த்தே எழுதிக்கொள்வான்.

2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2027 மார்ச் வரை. அதற்குப் பின் வருகிறவையும் இதே மேசையைத்தான் தட்டும். அதனால் தோழர்களே, மாணவர்களே, வேலை இருக்கிறது. ஊருக்கு நான்கு பேர் போதும். போன மன்றம் போட்ட தீர்மானங்களின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சேரித் தெருக்களில் நடங்கள். நடந்தது, நடக்காதது, பாதியில் நின்றது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். வார்டுக் குழுவும் பகுதி சபையும் 2022இலேயே விதியாக வந்துவிட்டன. கூட்டவில்லையென்றால் ஏன் கூட்டவில்லை என்று கேளுங்கள். கூட்டினால் நம் பெண்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். நம் சாதியில் ஜெயித்தவர் என்பதற்காகக் கேள்வியைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஆள் என்பதால் அவர் தனியாக நிற்கும்படியும் விட்டுவிட வேண்டாம். அவர் மன்றத்துக்குள் ஒரு கேள்வி கேட்கிறபோது வாசலில் நூறு பேர் நின்றால்தான் அந்தக் கேள்வி குறிப்பேட்டில் ஏறும்.

மகத்தில் தீர்மானம் முதலில் வந்தது, சனங்கள் பிறகு வந்தார்கள். இனிமேல் சனங்கள் முதலில் போகட்டும். தீர்மானம் பின்னால் ஓடி வரும்.