தீர்ப்புக்குப் பின் தொடங்கும் வேலை

நீதிமன்றத்தின் உத்தரவை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் அமீனா. சம்மன் சார்வு செய்வதும், ஜப்தி போடுவதும், சொத்தின் சுவாதீனத்தை எடுத்துக்கொடுப்பதும் அவர் வேலை. மற்றவர் நன்னடத்தை அலுவலர். சிறைக்கு அனுப்பாமல் பிணையில் விட்டவரைக் கண்காணித்து, பிழைக்க ஒரு வேலை தேடிக்கொடுத்து, மறுபடி வழக்கில் சிக்காமல் பார்ப்பது அவர் பொறுப்பு. முன்னவரைக் கண்டால் கதவு சாத்தப்படும். பின்னவருக்குக் கதவு திறந்தால்தான் வேலையே நடக்கும். அதனால் இந்தியாவில் இரண்டும் தனித்தனிப் பதவிகள்.

அமீனாவின் கையைச் சட்டம் நன்றாகவே கட்டியிருக்கிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்னும் யாரும் குடியிருக்கும் வீட்டுக்குள் அவர் நுழையக் கூடாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, தொழிலாளியின் கருவி, உழவரின் ஏர் மாடு ஆகியவற்றை ஜப்தி செய்யவும் முடியாது. சம்மனை வாங்க மறுத்தால் வாசல் கதவில் ஒட்டிவிட்டு வரலாம். ஆனால் எப்போது, எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நிலத்தை ஜப்தி செய்தால் அந்த இடத்திலேயே தமுக்கு அடித்தோ, ஊர் வழக்கப்படி வேறு விதமாகவோ அறிவிக்க வேண்டும்.

நன்னடத்தை அலுவலருக்கு அடிப்படை 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். சென்னை மாகாணம் இதற்கென 1936லேயே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. மத்தியச் சட்டப்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் செய்தவரை, மூன்று ஆண்டுக்கு மேற்படாத பிணைப் பத்திரத்தில் நீதிமன்றம் விடலாம். இத்தகைய குற்றத்துக்கு 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதானால், அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அனுப்பும் காரணத்தை நீதிபதி எழுதிவைக்க வேண்டும். குடும்பம், பழக்கம், சுற்றம் பற்றி அலுவலர் தரும் அந்த அறிக்கை இரகசியமானது. நிபந்தனையை முதல் முறை மீறினால் ஐம்பது ரூபாய் வரை அபராதம் விதித்துவிட்டு, பத்திரத்தை அப்படியே நீடிக்க விடவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

அமெரிக்கப் பழங்குடி நீதிமன்றங்களில் சிறியவை சிலவற்றில் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதுண்டு. 1883இல் அந்நாட்டு அரசு பழங்குடியினரின் வழக்கங்களை ஒடுக்கவே அங்கே நீதிமன்றங்களை வைத்தது. 1934ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு பல பழங்குடிகள் சொந்த நீதிமன்றங்களை நிறுவிக்கொண்டன. 1978இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பழங்குடியல்லாதவர் மீது குற்ற வழக்கு நடத்தும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை என்றது. ஒரு குற்றத்துக்கு ஓராண்டு என்றிருந்த சிறைத் தண்டனை உச்சவரம்பு, 2010ஆம் ஆண்டின் சட்டத்தால், நிபந்தனைகளோடு மூன்றாண்டு ஆனது. நீண்ட சிறைத் தண்டனைக்கு வழியில்லாத இடத்தில் கண்காணிப்புக்கு மதிப்பு கூடுகிறது. காலையில் நீதிமன்றத்தில் அமைதி காக்கும் ஊழியரே மாலையில் பிணையில் உள்ளவரின் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் அவருக்கு உறவாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் அரசமைப்பின் ஆறாவது அட்டவணை, வடகிழக்கின் தன்னாட்சி மாவட்ட மன்றங்களுக்கு இத்தகைய நீதிமன்றங்களை அமைக்கும் உரிமை தந்திருக்கிறது. அந்தமான் நிக்கோபார் அந்த அட்டவணையில் இல்லை. இங்கே வழக்கமான நீதிமன்றங்களே செயல்படுகின்றன. மேல்முறையீடு கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சர்க்யூட் பெஞ்சுக்குப் போகும். தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேராக இருந்த ஊரில், ஷாதிபூர் ஒரு நெரிசலான குடியிருப்புப் பகுதி. அங்கே ஒரு சம்மனைச் சேர்க்க உள்ளூர் நடை போதும். விலாசம் கார் நிக்கோபார் என்றிருந்தால் சுமார் 270 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும். கப்பல் எப்போது புறப்படும், கடல் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துத்தான் வாய்தா தேதி வைக்க முடியும்.

நிக்கோபார் கிராமங்களில் தகராறு எழுந்ததும் யாரும் கோர்ட்டுக்கு ஓடுவதில்லை. நிலமும் தென்னந்தோப்பும் ‘துஹெத்’ என்னும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். எல்லைத் தகராறு முதலில் குடும்பத்தின் மூத்தவர்களிடம் போகும். பிறகு கிராமத்தின் கேப்டனிடம். அங்கும் தீராவிட்டால் பழங்குடி மன்றத்திடம். முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன் என வரிசையாக வரும் இந்தத் தலைமை முறைக்கு 2009ஆம் ஆண்டின் பழங்குடி மன்ற ஒழுங்குவிதி சட்ட வடிவம் கொடுத்தது. முடிவைச் சொல்பவரும், அது நடக்கிறதா என்று பார்ப்பவரும், தவறியவரை ஊரோடு சேர்த்து வைப்பவரும் ஒரே கிராமத்தார். அமீனாவும் நன்னடத்தை அலுவலரும் பிரிந்து செய்வதைக் கேப்டன் சேர்த்துச் செய்கிறார். கொலை போன்ற பெருங்குற்றங்கள் மட்டும் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்.

அந்தமானில் ஜாரவா, சென்டினல் பழங்குடியினர் வாழும் காப்பிடங்களில் சட்டத்தின் முகம் வெளியாளை நோக்கித் திரும்புகிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, அனுமதியின்றி உள்ளே நுழைவதையே குற்றமாக்கியது. 2018 நவம்பரில் வடக்கு சென்டினல் தீவுக்குப் போன அமெரிக்கர் ஒருவர் அங்கே கொல்லப்பட்டார். போலீஸ் கொலை வழக்கு பதிந்தது. கைதானவர்களோ அவர் தீவுக்குப் போக உதவிய மீனவர்களும் மற்றவர்களும். தீவுவாசிகள் யாரும் கைது செய்யப்படவில்லை. உடலும் மீட்கப்படவில்லை.

ஆக, ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் நீதிமன்ற ஆணை மூன்று விதமாக நடக்கிறது. ஷாதிபூரில் காகிதம் நேராக வாசலுக்கு வருகிறது. நிக்கோபாரில் பெரும்பாலான தகராறுகள் கேப்டனோடு முடிந்துவிடுகின்றன. சென்டினல் தீவிலோ ஆணை கரையைத் தொடுவதில்லை. சுற்றியுள்ள கடலில் வெளியாட்களைத் தடுப்பதோடு நின்றுவிடுகிறது.