எல்லா நிலத்துக்கும் ஒரே டயரா?

‘ஆல் டெரைன்’ என்கிற பெயரே ஒரு விளம்பர வாசகம்தான். நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ, ஒரு பொழுது, ஒரு தொழில் என்று வகுத்து வைத்த மொழி நம்முடையது. மலைக்கும் மணலுக்கும் சேற்றுக்கும் தாருக்கும் ஒரே ரப்பர் போதும் என்று யாராவது சொன்னால் நாம் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. நாலு டயருக்கு அரை லட்சத்துக்கு மேல் எண்ணிக் கொடுக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் வண்டியை இறக்கி, உப்புக் குவியலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறோம்.

இந்தக் கட்டுரை அந்தப் படத்துக்கு எதிரானது. இந்தக் கரையில் ஓடுகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எந்த டயர் சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறுமனே திட்டிவிட்டுப் போனால் டயர் கடைக்காரர் சொல்வதைத்தான் மறுபடியும் வாங்குவீர்கள்.

முதலில் அடிப்படை. இந்த வண்டிகளுக்கான டயர் பெரும்பாலும் மூன்று வகை. தார்ச்சாலைக்கானது ஹைவே டெரைன், சுருக்கமாக எச்டி. சேற்றுக்கும் பாறைக்குமானது மட் டெரைன், எம்டி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏடி, அதாவது ஆல் டெரைன். எச்டியில் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும், தரையில் படுகிற ரப்பர் அதிகம். எம்டியில் பட்டன்கள் பெரிதாக, தள்ளித் தள்ளி இருக்கும். நடுவில் சேறு புகுந்து வெளியேற இடம் வேண்டுமே. ஏடி இரண்டிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. சமரசம் என்பது அதற்குப் பொருத்தமான சொல். அதில் தப்பே இல்லை. ஆனால் சமரசத்தை ‘எல்லாம் முடியும்’ என்று விற்றால் அது பொய்.

சரி, உங்கள் வண்டி எங்கே ஓடுகிறது? சென்னையிலிருந்து மரக்காணம் சுமார் 120 கிலோமீட்டர். அங்கிருந்து புதுச்சேரி இன்னொரு முப்பத்தைந்து, நாற்பது. போய்வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், முழுக்கத் தார். அதில் மணலில் இறங்குவது எவ்வளவு? ரெண்டு கிலோமீட்டர்? தாராளமாகவே அஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அஞ்சு கிலோமீட்டருக்காக மிச்சமெல்லாம் சத்தமும் கனமும் தாங்கி, டீசலும் கூடக் குடிக்கிற ஒரு டயரைச் சுமந்துபோகிறீர்கள். மே மாதத்தில் அந்தத் தார் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். உயரமான, தள்ளித் தள்ளி நிற்கிற பட்டன்கள் வேகத்தில் நெளியும், நெளிந்தால் சூடாகும், சூடானால் சீக்கிரம் தேயும்.

செலவு உங்கள் பாடு. அடுத்தவர் சம்பந்தப்பட்டது பிரேக்.

இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை: ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்புவதற்குத்தான் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. எண்ணூறு ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்த காரிலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. நிறுத்துவது டயர்தான். புது ஏடி டயரின் ஆழமான பள்ளங்கள் தண்ணீரை நன்றாகவே வெளியேற்றும், மறுக்கவில்லை. ஆனால் ஈரத் தாரில் அழுத்திப் பிரேக் அடிக்கும்போது, அதே தரத்தில் உள்ள நல்ல எச்டி பொதுவாக முன்னதாகவே நிற்கும்; எம்டி இன்னும் பின்னால் போய்த்தான் நிற்கும். அந்த இடைவெளி சில மீட்டர்தான். மரக்காணத்தில் உப்பளம் சாலையை ஒட்டியே இருக்கிறது. விடியலில் வேலைக்குப் போகிறவர்கள் அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கிறார்கள். மீன் கூடையோடு டூவீலர் போகிறது. அந்தச் சில மீட்டரில் நிற்பது அவர்கள்தான்.

2022-ல் மத்திய அரசு ஏஐஎஸ்-142 என்ற தர வரையறையைக் கட்டாயமாக்கும் அறிவிப்பை வெளியிட்டது. ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, சத்தம், மூன்றுக்கும் அதில் வரம்பு உண்டு. டயர் வாங்கப் போகிற எத்தனை பேர் ‘ஈரத்துல இது எப்படி நிக்கும்?’ என்று கேட்கிறார்கள்? ‘பக்கவாட்டுல வெள்ளை எழுத்து இருக்கா?’ என்றுதான் கேட்கிறோம்.

வெள்ளை எழுத்து என்றதும் இன்னொன்று. சில ஏடி டயர்களின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் பொறித்திருப்பார்கள். பனிச் சாலைக்கான சோதனையில் தேறியதற்கான முத்திரை அது. அதைக் காட்டி ஒருவர் விலை கூடச் சொல்ல, இன்னொருவர் கொடுத்து வாங்க, அந்த டயர் உப்புக் காய்கிற ஊருக்கு வந்து சேர்கிறது. பாஸ், மரக்காணத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது பனி இல்லை.

‘அதெல்லாம் சரி, புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மரக்காணத்துக்கு மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பளங்கள் ஏரி மாதிரி ஆயின. அந்த மாதிரி நாளில் ஏடி டயர் என்ன செய்யும்? ஓடுகிற வெள்ளம் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சாதாரணக் கார் மிதக்க ஆரம்பிக்கும். 60 சென்டிமீட்டர் வந்தால் பெரிய எஸ்யூவியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மிதக்கிற வண்டிக்கு எந்தப் பட்டனும் பிடிப்புத் தராது. புயல் நாளில் செய்ய வேண்டியது வீட்டில் இருப்பது. புயலுக்குப் பிந்தைய வாரங்களில் சந்திக்கப்போவது ஈரமான, குண்டும் குழியுமான தார். அதற்குத் தேவை நல்ல பிரேக், சரியான காற்று, தேயாத டயர்.

அடுத்து மணல். கடற்கரை மணலில் கரடுமுரடான டயர்தான் ஏறும் என்பது நம்மிடம் வேரூன்றிய மூடநம்பிக்கை. மணலில் வேண்டியது மிதப்பு, கடி இல்லை. பெரிய பட்டன் போட்ட டயர் சுழலச் சுழல மணலைத் தோண்டித் தனக்கே குழி வெட்டிக்கொள்ளும். மணலில் வண்டியைக் காப்பாற்றுவது காற்றைக் குறைப்பது. 33 பாயிண்ட் இருந்ததை 18-க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து, கனம் பரவும். இதைச் சாதாரண எச்டி டயரிலும் செய்யலாம், செலவு பூஜ்யம். ஆனால் தாருக்குத் திரும்பும்போது மறுபடி காற்று அடிக்க வேண்டும். 18 பாயிண்டோடு ஈசிஆரில் எண்பதில் போனால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், கடைசியில் வெடிக்கும். கையில் காற்றடிக்கும் மெஷின் இல்லாமல் மணலில் இறங்குகிறவர் சாகசக்காரர் இல்லை, அடுத்தவர் உயிரோடு விளையாடுகிறவர்.

காற்றடிக்கும் மெஷின் இருந்தால் மட்டும் இறங்கலாமா? எதன் மேல் இறங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

உப்புப் பாத்தி வெறும் தரை கிடையாது. களிமண்ணை மிதித்து மிதித்து, தண்ணீர் இறங்காத அளவுக்கு இறுக்கிய தளம். கடல் தண்ணீரின் அடர்த்தி பாமே கணக்கில் சுமார் 3 டிகிரி. அதை ஒரு தேக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, வெயிலில் வற்றவைத்து, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு படிய ஆரம்பிக்கும். அத்தனை நாள் வெயிலையும் தாங்குவது அந்தத் தளம்தான். ரெண்டு டன் வண்டி அதன் மேல் ஏறினால் தளம் உடையும், காய்ச்சிய நீர் பூமிக்குள் இறங்கும். வரப்பு சரிந்தால் பக்கத்துப் பாத்தியும் போச்சு. வெறுங்காலோடு அதை மிதித்துப் பதப்படுத்தியவர்களுக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது. வேலையில்லாத அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு தருகிற நிவாரணம் 5,000 ரூபாய். நீங்கள் மாட்டியிருக்கும் ஒரு டயரின் விலையில் பாதி கூட வராது. சாலையோரப் பாத்தி ஒன்றில் டயர் தடம் பதிவதை ‘கன்டென்ட்’ என்று கூப்பிடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

மேற்கே கழுவேலி. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கிழக்கே கடற்கரை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற மணல் இது. முட்டைக் குழி மேல் சக்கரம் ஏறினால் மணல் இறுகிவிடும். டயர் தடத்தின் பள்ளம் நமக்கு நாலு விரல் ஆழம். உள்ளங்கையில் அடங்குகிற ஆமைக்குஞ்சுக்கு அது ஏற முடியாத சுவர். சனி ஞாயிறு கூட்டம் இந்தக் கரைக்கு அதிகமாக வருவதும் இதே மாதங்களில்தான்.

ஆக, இந்தக் கரையில் ஏடி டயர் தேவைப்படுகிற இடமெல்லாம் வண்டி போகக்கூடாத இடம். வண்டி போகவேண்டிய இடத்திலெல்லாம் ஏடி தேவையில்லை.

விதிவிலக்கு உண்டு. மலைக்காட்டுத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், மண்சாலை முடிகிற இடத்தில் வீடு உள்ளவர், காட்டுக்குள் ரோந்து போகிறவர், தினமும் கல்லும் சேறுமாக ஓட்டுகிறவர்: இவர்களுக்கு ஏடி வேண்டும். அவர்கள் யாரும் வெள்ளை எழுத்தைத் துடைத்துப் படம் போடுவதில்லை.

மேடு பள்ளம் தெரியாத வழியில் வண்டி ஓட்டுவது தமிழுக்குப் புதுசா என்ன? உப்பு வணிகர்களான உமணர்கள் நெய்தலிலிருந்து உள்நாட்டுக்கு வண்டி கட்டிப் போனவர்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் அவர்களைக் காட்டுகிறார். இளம் காளைகள், வண்டி நிறையப் பாரம், வழியில் பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாருக்குத் தெரியும். அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். சேமஅச்சு. நம்ம ஊர் பாஷையில் ஸ்டெப்னி. எல்லா நிலத்தையும் ஜெயிக்கிற சக்கரம் தங்களிடம் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. உடையும் என்று நம்பினார்கள், அதற்குத் தயாராகப் போனார்கள். நாமோ 2020-ல் விதியைத் திருத்தி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் மருந்தும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நாலு டயரை மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டுவைக்கிற பலரைப் பார்க்கிறேன். அளவு வித்தியாசமான ஒரு சக்கரத்தோடு ஃபோர் வீலைப் போட்டால் கியர்பெட்டிக்குத்தான் அடி.

சரி, என்ன வாங்குவது?

கம்பெனி கொடுத்த அளவை விட்டு நகராதீர்கள். ஜிம்னிக்கு 195/80 ஆர்15, பதினெட்டு அங்குல ரிம் உள்ள தாருக்கு 255/65 ஆர்18. ஜிம்னியில் ஆசைப்பட்டு 235/75 ஆர்15 மாட்டினால் விட்டம் 693 மில்லிமீட்டரிலிருந்து 733-க்குப் போகும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 85-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதே பிரேக், பெரிய சக்கரம், கூடுதல் கனம்.

அளவுக்குப் பக்கத்தில் வரும் எண்ணைப் பாருங்கள்: 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 108 என்றால் 1,000. பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம் செய்தது. ரெண்டு வருஷம் கடையில் கிடந்ததை ‘ஆஃபர்’ என்று தள்ளிவிடுவார்கள், திருப்பிக் கொடுங்கள். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை போகலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. வகை? இந்தக் கரைக்கு நல்ல எச்டி. வருஷத்தில் நாலு முறை மண்சாலையில் உள்ளே போகிறவர் என்றால் நெருக்கமான பட்டன் உள்ள, பாதிக்கு மேல் தார் குணம் கொண்ட ஏடி. எம்டி வேண்டவே வேண்டாம்.

உப்புக் காற்றைப் பற்றிக் கடையில் பயமுறுத்துவார்கள். ரப்பரை உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. ரிம்மைத்தான் தின்னும். டயர் உட்காரும் விளிம்பு அரித்தால் காற்று மெல்லமெல்லக் கசியும், பஞ்சரே இல்லாமல் வாராவாரம் ரெண்டு பாயிண்ட் குறையும். கடற்கரைப் பயணம் முடிந்ததும் ரிம்மையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்பளத்தைப் பார்க்க வேண்டுமா, தாராளமாக வாருங்கள். வண்டியைத் தாரிலேயே நிறுத்துங்கள். வேலை செய்கிறவரிடம் ‘உள்ள வரலாமாண்ணே?’ என்று கேளுங்கள். சரி என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பு மேல் நடங்கள். உப்புக் கரித்துக் கால் எரியும். நாள் முழுக்க அதில் நிற்கிறவர் எந்த நிலத்தில் நிற்கிறார் என்பது அப்போது தெரியும்; 255/65 ஆர்18-ன் மேல் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.