சோடாவில் தொடங்கி மதுரையில் முடிந்த 410 நிமிடங்கள்

எனக்குச் சொந்த ஊர் இராஜபாளையம். அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்தான். படிப்பது பி.காம். மூன்றாம் ஆண்டு. மாரடைப்பு, பக்கவாதம் பற்றியெல்லாம் எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் மருத்துவம் பற்றி எழுதப் போவதில்லை. கணக்கு பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை என் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. வயது 52. சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவர். சத்திரப்பட்டியில் என்ன நெய்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேண்டேஜ் துணி. ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற வெள்ளைத் துணி. இருபத்தைந்து வருடமாக யார் யார் காயத்துக்கோ துணி நெய்து அனுப்பியவர், அன்றைக்குத் தான் நோயாளியாகிப் படுத்திருந்தார். அன்று இரவு நான் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன்.

"வாய்வு புடிச்சிருக்கு மாப்ளே, ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். நானும் போனேன்.

அதன் பிறகு நடந்ததை ஒரு ஸ்டேட்மெண்டாகவே தருகிறேன். பி.காம். புத்தி, வேறென்ன செய்வது?

4.30 – வலி ஆரம்பம்.
5.15 – சோடா கிடைத்தது. குடித்தார். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை.
6.00 – தெருமுனை கிளினிக். வாயுவுக்கு ஒரு ஊசி, இரண்டு மாத்திரை.
7.10 – முதல் மருத்துவமனை.
7.50 – ஈ.சி.ஜி. எடுத்தார்கள்.
8.30 – "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்றார்கள்.
10.40 – மதுரை.
11.20 – அடைப்பைத் திறக்கும் சிகிச்சை தொடங்கியது.

மொத்தம் 410 நிமிடங்கள். மாமா பிழைத்துவிட்டார். "ஆண்டாள் காப்பாத்திட்டா" என்று அத்தை சொல்கிறார். ஆனால் எக்கோவில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 35 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்துக்கு அது 55க்கு மேல் இருக்க வேண்டும். மாமாவால் இப்போது தறியில் நிற்க முடியாது. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்குகிறது. பத்தாவது படிக்கும் பெண்ணை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று அந்த வீட்டில் இப்போது பேச்சு நடக்கிறது. காப்பீட்டு அட்டை ஸ்டென்ட்டுக்குப் பணம் கட்டியது. போன தசைக்கு யார் கட்டுவது?

எங்கள் ஊரில் இந்த மாதிரி ஒன்று நடந்ததும் டீக்கடையில் ஒரே ஒரு தீர்ப்புதான் சொல்வார்கள். "நம்ம ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இல்லப்பா. அதான்."

இந்தத் தீர்ப்பைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லவில்லை. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. நல்லது, இன்னும் வரட்டும். ஆனால் மேலே உள்ள 410 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். வீட்டிலும் கிளினிக்கிலும் நாங்கள் தொலைத்தது 160. முதல் மருத்துவமனையில் போனது 80. சாலையில், வண்டிக்குக் காத்திருந்ததையும் சேர்த்து 130. மதுரையில் 40. பெரிய கட்டடம் கட்டினால் குறையப் போவது அந்த 130 மட்டும்தான். அதற்குக் கோடிக்கணக்கில் பணமும், பல வருடப் பொறுமையும் வேண்டும். மற்ற 280 நிமிடத்துக்குச் செங்கல் தேவையில்லை.

அந்த 80 நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பெரிய அடைப்பு என்று தெரிந்து, 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாத தூரத்தில் இருந்தால், ரத்தக்கசிவு ஆபத்து போன்ற தடை இல்லாதவருக்கு அங்கேயே ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு அனுப்ப வேண்டும். வாசலில் நுழைந்ததிலிருந்து ஊசி ஏறும்வரை 30 நிமிடம் என்பது பல காலமாக உள்ள இலக்கு. ஊசியோடு கிளம்பியிருந்தால் அந்த 130 நிமிடப் பயணத்திலேயே மாமாவுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்திருக்கும்.

இது வெளிநாட்டுக் கதை இல்லை. தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியது. கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை டாக்டர் அஜித் முல்லாசரியும் முன்னின்று நடத்திய ஆய்வு. சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி இணைத்தார்கள். 2,420 நோயாளிகள். சிறிய இடத்தில் ஊசி, பிறகு பெரிய இடத்தில் ஆஞ்சியோ. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல்! எங்கள் தெருவில் மூன்று குடும்பம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆக, வழி தெரியும். மருந்தும் இருக்கிறது. 108 வண்டி 2008இலிருந்து ஓடுகிறது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டேடின் என்று முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். ஸ்டென்ட் விலைக்கு 2017இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. பிறகு எது இல்லை?

கணக்கு இல்லை.

எங்கள் ஊர் மில்லுக்குள் போய்ப் பாருங்கள். எந்த மெஷினில் எத்தனை இழை அறுந்தது, எத்தனை நிமிடம் மெஷின் நின்றது என்று ஷிப்டுக்கு ஷிப்டு எழுதுகிறார்கள். நூல் அறுந்தால் நஷ்டம். ஆகவே எண்ணுகிறார்கள். மனிதன் அறுந்தால்? நெஞ்சு வலியோடு வந்தவருக்கு ஊசி போட எத்தனை நிமிடம் ஆகிறது என்று எந்த மருத்துவமனைச் சுவரிலும் ஒரு பலகையை நான் இதுவரை கண்டதில்லை. கட்டண விவரப் பலகை உண்டு. "இங்கே எச்சில் துப்பாதீர்கள்" உண்டு. நிமிடம் மட்டும் இல்லை.

எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அது வெறும் மரணமாகப் போவதில்லை. எங்கே தாமதம், யார் அனுப்பினார்கள், ரத்தம் இருந்ததா, வண்டி எப்போது வந்தது என்று ஒவ்வொரு மரணமும் மாவட்ட அளவில் ஆய்வுக்கு வருகிறது. 2004-06இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 54. எண்ணியதால் மட்டும் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். செவிலியர்கள், ரத்த வங்கி, 24 மணி நேரப் பிரசவ வசதி எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் எங்கே ஓட்டை என்று காட்டிக் கொடுத்தது அந்தக் கணக்கு. தாய்க்கு ஒரு நியாயம், நாற்பது வயதுத் தகப்பனுக்கு ஒரு நியாயமா?

பக்கவாதத்துக்கும் இதேதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சின்னப் பாட்டிக்கு ஒரு நாள் காலையில் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? புறா ரத்தம் தடவ ஆள் தேடினார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தது மறுநாள். மூளையில் அடைப்பு என்றால் கட்டைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதிலும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளை நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006இல் ஒரு மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னார். அமெரிக்காவில் 2010இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சேர்ந்து, வாசலிலிருந்து ஊசி வரையான நிமிடத்தைக் குறைக்க ஒரு முயற்சி தொடங்கின. இடைநிலை அளவு 77 நிமிடத்திலிருந்து 67 ஆனது. வெறும் 10 நிமிடம்தானே என்று தோன்றும். ஊசி போடப்பட்டவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் அந்தக் காலத்தில் 9.93 சதவீதத்திலிருந்து 8.25க்கு வந்தார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதல் மறுப்பு: "ஜனங்களே லேட்டாத்தான் வர்றாங்க, ஆஸ்பத்திரியைச் சொல்லி என்ன பிரயோஜனம்?" பாதி உண்மை. இந்தியா முழுக்க 89 மருத்துவமனைகளில் 20,468 மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்து 2008இல் வெளிவந்த ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனை வாசலை மிதிக்க ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5. ஏழைகளுக்குச் சரியான சிகிச்சைகள் குறைவாகக் கிடைத்தன என்பதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். லேட்டாக வந்தவன் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. கேரளத்தில் 2014 முதல் 2016 வரை 63 மருத்துவமனைகளில், 21,374 நோயாளிகளோடு இதையே சோதித்தார்கள். மருத்துவமனைகளுக்கு அவற்றின் கணக்கைத் திருப்பிக் காட்டுவது, சேர்க்கும்போதும் அனுப்பும்போதும் சரிபார்க்க ஒரு பட்டியல், நோயாளிக்கு விளக்கம். 2018இல் முடிவு வந்தது. மோசமான விளைவுகள் 6.4க்கு எதிராக 5.3 சதவீதம். ஆனால் மற்ற வித்தியாசங்களைச் சரிசெய்து பார்த்ததும், இந்த முறையால்தான் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை மறைத்துவிட்டு எழுதினால் நானும் கள்ளக் கணக்கு எழுதுகிறவன் ஆவேன்.

எனக்கு இதிலிருந்து தெரிவது வேறு. கேரளத்தில் 2007 முதல் 2009 வரை எடுத்த ஒரு பெரிய பதிவேட்டில், பெரிய அடைப்போடு வந்தவர்களில் பலர் ஆறு மணி நேரம் கழித்தே வந்திருக்கிறார்கள். வாசலுக்கு உள்ளே மட்டும் திருத்தினால் வாசலுக்கு வெளியே போன நேரம் திரும்பாது. ஆகவே கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கக் கூடாது. வலி தொடங்கிய நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும். டாக்டர்களின் அறைக்குள் மட்டும் இருக்கவும் கூடாது. ஊர் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு: "பலகை வெச்சா பொய் எழுதுவாங்க, சீரியஸ் கேஸைச் சேர்க்க மாட்டாங்க." இது எங்கள் பாடம். தணிக்கை எதற்கு இருக்கிறது? ஈ.சி.ஜி. தாளிலேயே நேரம் அச்சாகிறது. ஸ்கேன் படத்தில் நேரம் உண்டு. 108 அழைப்புக்குப் பதிவு உண்டு. மருந்து வெளியே போன நேரம் பதிவேட்டில் இருக்கும். வவுச்சரை வைத்து பேரேட்டைச் சரிபார்ப்பது மாதிரிதான். சேர்க்காமல் திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கையையும் பலகையில் எழுதச் சொன்னால் அந்த ஓட்டையும் அடைபடும்.

நான் கேட்பது இவ்வளவுதான். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், நெஞ்சு வலிக்கும் பக்கவாதத்துக்கும் ஆள் சேர்க்கிற ஒவ்வொரு இடத்திலும் வாசலில் ஒரு பலகை. மாதம் ஒருமுறை எழுதட்டும். எத்தனை பேர் வந்தார்கள், வலி தொடங்கி எத்தனை நிமிடத்தில் வந்தார்கள், ஈ.சி.ஜி.க்கோ ஸ்கேனுக்கோ எத்தனை நிமிடம், ஊசிக்கு எத்தனை நிமிடம், வெளியூர் அனுப்ப எத்தனை நிமிடம், 30 நாள் கழித்து எத்தனை பேர் உயிரோடு. சராசரி வேண்டாம், இடைநிலை அளவு போதும். சராசரியில் ஒரே ஒரு கேஸ் மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

பெயர் வேண்டாம். எந்த டாக்டரையும் கூண்டில் ஏற்ற வேண்டாம். ராத்திரி டியூட்டியில் ஒரே ஆளாக நிற்கிற டாக்டருக்கு இந்தப் பலகை எதிரியும் இல்லை. "எனக்கு இன்னொரு ஆள் வேண்டும்" என்று அவர் கேட்கும்போது கையில் ஆதாரமாக இருக்கப் போவதே இதுதான்.

ஒரு பெயிண்ட் டப்பா, ஒரு பலகை, ஒரு நோட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அரை கிலோ பால்கோவா வாங்குகிற காசைவிடக் கொஞ்சம் கூட ஆகும். அவ்வளவுதான் முதலீடு.

அந்தப் பலகை வரும்வரை நம் பக்கத்துக் கணக்கை நாமாவது எழுதி வைப்போம். நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, வியர்வை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். வாய் கோணினாலும், கை தூக்க முடியாவிட்டாலும், பேச்சு குழறினாலும் அப்படியே. நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். சோடாவும் வேண்டாம், புறாவும் வேண்டாம்.

மாமாவின் 410 நிமிடத்தில் முதல் 45 என் கணக்கில் இருக்கிறது. கடை திறக்கட்டும் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.